முன்னால் போகிறவர் முதுகு: ஓர் ஊர் சைக்கிள் பந்தயத்தின் கணக்கு

"சைக்கிள் பந்தயத்துல என்ன பெரிய சூட்சுமம் இருக்கு? எவன் பலமா மிதிக்கிறானோ அவன் ஜெயிப்பான், அவ்ளோதானே?" நான் அமெச்சூர் பந்தயங்களில் கலந்துகொள்கிறேன் என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நூறு மீட்டர் ஓட்டத்தில் அப்படித்தான், நீச்சலிலும் பெரும்பாலும் அப்படித்தான். சாலையில் கூட்டமாக ஓட்டும் சைக்கிள் பந்தயத்தில் மட்டும், எல்லோரையும்விட பலசாலி ஐந்தாவதாக வருவது சர்வசாதாரணம். ஏன் அப்படி என்பதற்கான விளக்கம்தான் இந்தக் குறிப்பு. கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் மனித சுபாவம் எல்லாம் வரும். சைக்கிள் பிரியர்கள் இல்லாதவர்களும் படிக்கலாம், பயமில்லை.

முதலில், எந்தப் பந்தயம்?

தமிழ்நாட்டில் சைக்கிள் பந்தயம் புதிது இல்லை. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கேரியர் வைத்த கனத்த சைக்கிளில் பந்தயம் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர். அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கு அரசு நடத்தும் மிதிவண்டிப் போட்டி இருக்கிறது. இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டியில்தான் அதில் ஓட்ட வேண்டும்.

நான் சொல்லப்போவது இன்னொரு வகை. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரியான இடங்களில், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும் பந்தயங்கள். ஓட்டுபவர்கள் யார்? ஐ.டி.யில் இருப்பவர்கள், டாக்டர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் உண்டு. பல பந்தயங்களில் பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கும். வளைந்த கைப்பிடி கொண்ட ரோடு பைக்குக்கு ஒரு பிரிவு, ஹைப்ரிட், எம்.டி.பி.க்கு இன்னொரு பிரிவு என்று பிரிப்பார்கள்.

இதிலும் இரண்டு விதம். ஒன்று டைம் ட்ரையல். ஒவ்வொருவராக, ஒரு நிமிடமோ அரை நிமிடமோ இடைவெளி விட்டு அனுப்புவார்கள். ஒருவர் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. கடிகாரத்தோடு மட்டும்தான் சண்டை. நண்பரின் "பலமா மிதிக்கிறவன் ஜெயிப்பான்" இங்கே கிட்டத்தட்ட செல்லும். இரண்டாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் கூட்டுப் பந்தயம். முதலில் கோட்டைத் தொடுபவர் வெற்றியாளர். சூட்சுமம் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

காற்று எவ்வளவு கேட்கிறது?

சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் முதல் எதிரி காற்று. அந்த எதிர்ப்பைச் சமாளிக்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது வேகத்தை இரட்டிப்பாக்கினால், காற்றுக்குக் கொடுக்க வேண்டியது எட்டு மடங்கு.

என் அளவுக்குப் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கு இது. ஆளும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 85 கிலோ, குனிந்து ஓட்டும் நிலை, சென்னை வெப்பத்துக்கேற்ற காற்றடர்த்தி. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 140 வாட் வேண்டும். 40 கி.மீ. வேகத்துக்கு 300 வாட். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, தேவையோ இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. அந்த 300 வாட்டில் 250 வாட் காற்றுக்கு, மீதி டயர் சாலையில் உருள்வதற்கு.

ஒரு மணி நேரம் தொடர்ந்து என்னால் தர முடிவது சுமார் 230 வாட். வாரத்தில் நாலு நாள் பயிற்சி செய்யும், வேலைக்குப் போகும் ஓர் ஆளுக்கு இது நடுத்தரமான எண். தனியாக ஓட்டினால் இதை வைத்து மணிக்கு 36 கி.மீ. போகலாம்.

இப்போது இன்னொருவர் முதுகுக்குப் பின்னால், அவருடைய பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் தள்ளி ஓட்டுகிறேன் என்று வையுங்கள். அவர் காற்றைப் பிளந்துகொண்டு போகிறார். எனக்கு வரும் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதே 40 கி.மீ. வேகத்துக்கு எனக்கு 210 வாட் போதும். தனியாக 36-க்கு மேல் போக முடியாத நான், ஒருவர் பின்னால் இருந்தால் 40-ல் போகலாம், கொஞ்சம் மூச்சும் மிச்சமிருக்கும். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறார்கள்.

பெரிய கூட்டத்தின் நடுவில் இந்த லாபம் இன்னும் பெரிது. 2018-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கனும் அவருடைய குழுவினரும் 121 பேர் கொண்ட ஒரு பெலட்டானைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் நன்றாக மறைந்திருப்பவருக்கு வரும் காற்றெதிர்ப்பு, தனியாகப் போகிறவருக்கு வருவதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள். நம் ஊர்ப் பந்தயத்தில் முப்பது நாற்பது பேர்தான் இருப்போம், அவ்வளவு நெருக்கமாகவும் ஓட்ட மாட்டோம். ஆகவே அந்த அளவு லாபம் நமக்குக் கிடைக்காது. ஆனால் திசை அதுதான்.

"அறுந்துபோவது"

இந்தக் கணக்குக்கு ஒரு கொடூரமான மறுபக்கம் உண்டு. கூட்டத்திலிருந்து பத்து மீட்டர் விட்டுப்போனால் மறைப்பு போய்விடும். 210 வாட்டில் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அதே வேகத்தில் தொடரவே 300 வாட் வேண்டும், இடைவெளியை அடைக்க அதற்கும் மேல். என்னைப் போன்றவரால் அதை ஓரிரு நிமிடம் தர முடியும். அதற்குள் ஒட்ட முடியாவிட்டால் கதை முடிந்தது. நான் 36, கூட்டம் 40. நிமிடத்துக்கு 67 மீட்டர் வீதம் இடைவெளி பெருகும். பத்து நிமிடத்தில் அவர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள்.

சைக்கிள்காரர்கள் இதை 'டிராப் ஆகிட்டேன்' என்பார்கள். எங்கள் குழுவில் சிலர் 'அறுந்துட்டேன்' என்பார்கள். எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கும். நூல் அறுவது மாதிரித்தான் நடக்கிறது. இரண்டு சைக்கிள் நீள இடைவெளி, பத்து விநாடி அசதி, அவ்வளவுதான். அறுந்தவர் பலவீனர் என்றில்லை. ஐந்து விநாடி முன்பு அவரும் மற்றவர்களோடு சமமாகத்தான் இருந்தார்.

யூ-டர்ன் என்னும் எமன்

நம் ஊர்ப் பந்தயப் பாதைகள் பெரும்பாலும் போய்த் திரும்புவது. நடுத்தடுப்பில் இருக்கும் ஓர் இடைவெளியில் கூம்பு வைத்திருப்பார்கள், அங்கே வளைந்து வந்த வழியே திரும்ப வேண்டும். அறுந்துபோகிறவர்களில் பலர் அங்கேதான் அறுகிறார்கள்.

முதலில் போகிறவர் 40-லிருந்து 15-க்கு வேகத்தைக் குறைத்து, வளைந்து, மறுபடி முடுக்குகிறார். வரிசையின் கடைசியில் இருப்பவர் வளைவுக்கு வந்துசேர இன்னும் பத்து விநாடி ஆகும். இவர் 15-ல் வளைந்துகொண்டிருக்கும்போது முன்னவர் பழைய வேகத்தை எட்டியிருப்பார். 40 கி.மீ. வேகத்தில் பத்து விநாடி என்றால் 110 மீட்டர். கூட்டம் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டுவிடுகிறது. அது சுருங்கி ஒன்றுசேரும்வரை பின்னால் இருப்பவர்கள் 45-ல் விரட்ட வேண்டும். முன்னால் இருப்பவர் எட்டு விநாடி முடுக்கினால் போதும் என்கிற இடத்தில், கடைசி ஆள் அரை நிமிடம் உயிரைக் கொடுக்கிறார். ஆறு யூ-டர்ன் உள்ள பாதையில் இது ஆறு முறை.

அதனால்தான் பழகியவர்கள் "திரும்புறதுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே முன்னுக்கு வந்துடு" என்பார்கள். எல்லோரும் அதையே செய்யப் பார்ப்பதால், அந்த ஒரு கிலோமீட்டரே தனியாக ஒரு பந்தயமாக ஆகிவிடும்.

பக்கக்காற்று

இ.சி.ஆர். ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகும் சாலை. கிழக்கே கடல். தை மாத விடியலில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். கோடையில் வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் எழும். ஆக, பக்கவாட்டுக் காற்றைச் சமாளிக்கத் தெரியாமல் இங்கே ஓட்ட முடியாது.

காற்று நேரே முன்னாலிருந்து வந்தால் மறைப்பு நேர் பின்னால் கிடைக்கும். இடது பக்கமிருந்து வந்தால் மறைப்பு, முன்னவருக்கு வலது பின்புறம் நகர்ந்துவிடும். தெற்கே மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது கடல் இடது கைப்பக்கம். ஆகவே முதல் ஆள் சாலையின் இடது ஓரத்தைப் பிடிப்பார், அடுத்தவர் அவருக்குச் சற்று வலப்புறம் பின்னால், அதற்கடுத்தவர் இன்னும் வலப்புறம் என்று கூட்டம் சாய்கோடாக விரியும். பறவைக் கூட்டம் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதில் பாதி. இதற்கு எஷலான் என்று பெயர்.

பிரச்சினை என்னவென்றால், சாலைக்கு அகலம் ஓர் அளவுதான். பந்தயத்துக்கென்று ஒதுக்கிய ஒரு தடத்தில் நாலைந்து பேருக்குத்தான் சாய்கோட்டில் இடம். ஆறாவது ஆளுக்கு மறைப்பு இருக்கும் இடத்தில் சாலை இல்லை. அவரும் அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் ஓரத்தில் ஒற்றை வரிசையாக, முழுக்காற்றையும் வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். கடல் வலப்புறம், மறைப்பு இடப்புறம், இடமில்லாதவர்கள் தள்ளப்படுவது மணல் படிந்த இடது ஓரத்துக்கு. முன்னால் இருக்கும் நாலு பேர் ஒரு நிமிடம் பேசி வைத்துக்கொண்டு அழுத்தினால் போதும், முப்பது பேர் கூட்டம் நாலு துண்டாகிவிடும். மேடு பள்ளமே இல்லாத சாலையில் மலை செய்யும் வேலையைக் காற்று செய்துவிடுகிறது.

யார் முன்னால் போவது?

இங்கேதான் இயற்பியல் முடிந்து மனித சுபாவம் ஆரம்பிக்கிறது.

நாலு பேர் கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிய்த்துக்கொண்டு போகிறார்கள் என்று வையுங்கள். இதற்குப் பெயர் பிரேக்அவே. மாற்றி மாற்றி முன்னால் போகிறார்கள். முன்னால் இருக்கும்போது 300 வாட், மற்ற நேரம் 210. நாலு பேரும் சமமாகப் பங்கிட்டால் சராசரி 232 வாட், என் எல்லைக்கு ஒட்டி வருகிறது. இரண்டே பேர் என்றால் சராசரி 255, என்னால் தாங்காது. ஆள் சேர்ந்தால் எல்லோருக்கும் சுமை குறைகிறது.

சரி, அந்த நாலு பேரில் ஒருவர் முன்னால் வர மறுக்கிறார். "எனக்குக் கால் பிடிச்சிருச்சு" என்கிறார். மீதி மூவரின் சராசரி 240 ஆகிறது, அவருடையது 210. மூவருக்கும் தலைக்கு 8 வாட் நஷ்டம், அவருக்கு 22 வாட் லாபம். கடைசி 300 மீட்டர் ஸ்பிரிண்டில் மிச்சம் வைத்த கால் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. நாலு பேரும் அப்படியே நினைத்தால்? யாரும் முன்னால் வர மாட்டார்கள், வேகம் 32-க்கு இறங்கும், பின்னால் துரத்தி வரும் கூட்டம் விழுங்கிவிடும். எல்லோருக்கும் தோல்வி.

பொருளாதாரத்தில் 'இலவசப் பயணி' என்று ஒரு சிக்கலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அதை நேரில் பார்க்கலாம். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருபவருக்குச் சைக்கிள் உலகில் 'வீல் சக்கர்' என்று பெயர். விதிப்படி அவர் செய்வது தப்பே இல்லை. ஒரு முறை அப்படி ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். ஆனால் ஊர்ப் பந்தயத்தில் ஆட்கள் மாற மாட்டார்கள், அடுத்த மாதமும் அதே முகங்கள்தான். போன தடவை பங்கு கொடுக்காதவர் பிய்த்துக்கொண்டு போக முயன்றால், யாரும் அவரோடு சேர மாட்டார்கள். அவர் சேர வந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். நினைவுதான் இங்கே நடுவர். எந்த விதிப்புத்தகமும் இல்லாமல் ஒரு சிறு நாணயம் இப்படித்தான் உருவாகிறது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. உண்மையிலேயே முடியாதவரிடம் யாரும் கோபப்படுவதில்லை. "வாங்க அண்ணா, பின்னாடியே இருங்க, முன்னால வர வேணாம்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார்கள். முடிந்தும் மறைப்பவரிடம்தான் கோபம். இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்? மூச்சுச் சத்தத்தை வைத்து. அரை மீட்டர் தூரத்தில் யாரும் நடிக்க முடியாது.

அரை மீட்டர் நம்பிக்கை

அரை மீட்டர் இடைவெளியில் 40 கி.மீ. வேகம் என்றால், முன்னவர் பிரேக் போட்டால் உங்களுக்கு இருப்பது விநாடியின் இருபதில் ஒரு பங்கு. மனித அனிச்சைக்கு அது போதாது. ஆகவே கூட்டத்தில் யாரும் திடீரென்று பிரேக் தொடக் கூடாது, கோடு மாறக் கூடாது, தன் முன்சக்கரத்தை முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைத்து வைக்கக் கூடாது. இரண்டும் உரசினால் விழுவது பின்னால் இருப்பவர், அவர் மேல் விழுவது இன்னும் ஐந்து பேர். பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது. முன்னவர் கையைக் காட்டி "பள்ளம்!", "மணல்!", "நாய்!" என்று கத்துவதைத்தான் நம்ப வேண்டும்.

சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடலாமா என்ற கேள்வி பழையது. இங்கிலாந்தில் 1890-லேயே தேசிய சைக்கிள் சங்கம் பொதுச்சாலைப் பந்தயங்களைக் கைவிட்டது. கூட்டமாக ஓட்டினால் போலீஸ் கண்ணில் படும், மொத்தமாகத் தடை வந்துவிடும் என்ற பயம். அதற்கு மாற்றாக 1895-ல் எஃப்.டி. பிட்லேக் என்பவர் ஒவ்வொருவராகக் கிளப்பிவிடும் முறையில் பந்தயம் நடத்தினார். டைம் ட்ரையல் அங்கே வேரூன்றியது அப்படித்தான். விடியற்காலையில், தலை முதல் கால்வரை கறுப்பு உடையில், ரகசியமாக ஓட்டுவார்கள்.

1942 ஜூன் 7 அன்று பெர்சி ஸ்டாலர்ட் என்பவர் அந்தத் தடையை மீறினார். வேல்ஸிலுள்ள லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை 59 மைல் கூட்டுப் பந்தயம். 40 பேர் கிளம்பினார்கள், போலீசாரே உதவி செய்தார்கள், அசம்பாவிதம் எதுவும் இல்லை. சங்கம் ஸ்டாலர்டைத் தடை செய்தது. அவர் ஒத்த கருத்துள்ளவர்களோடு தனிச் சங்கமே தொடங்கினார். பல ஆண்டுச் சண்டைக்குப் பிறகு 1959-ல் இரு தரப்பும் ஒன்றாகின.

பயந்தவர்களின் பயமும் பொய்யில்லை. நம் இ.சி.ஆரில் விடியற்காலையில் மீன் ஏற்றிய டி.வி.எஸ். ஃபிஃப்டி வரும், பால் வேன் வரும், ராத்திரி முழுக்க விழித்துவிட்டு பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும் கார் வரும். ஆகவே ஒரு பந்தயத்தை எடைபோட நான் பார்ப்பது பரிசுத்தொகையை அல்ல. போலீஸ் அனுமதி வாங்கியிருக்கிறார்களா? ஒவ்வொரு சந்திலும் கொடியோடு ஆள் நிற்கிறாரா? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத பந்தயத்தில் பெயர் கொடுக்க வேண்டாம் என்பேன், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். சந்தில் கொடியோடு நிற்பவர் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆள், அடுத்த மாதம் ஓட்டப்போகிறவர். ஒரு பந்தயத்தில் ஓட்டினால் இன்னொன்றில் கொடி பிடிப்பது என்பதும் அந்த 300 வாட் பங்கில் சேர்த்திதான்.

ஜெயிக்க முடியாதவர் ஏன் ஓட்ட வேண்டும்?

நாற்பது பேரில் மேடை ஏறுவது மூன்று பேர். எந்த மூன்று பேர் என்பது முதல்நாளே ஓரளவு தெரியும். மீதி 37 பேருக்கு என்ன வேலை?

கூட்டத்தில் ஓட்டும்போது உங்கள் இலக்கு வேறு ஒன்றாகிவிடுகிறது. போன முறை மூன்றாவது யூ-டர்னில் அறுந்தவர் இந்த முறை ஐந்தாவதுவரை தாக்குப் பிடிக்கிறார். பக்கக்காற்றில் சாய்கோட்டில் இடம் பிடிக்கத் தெரிந்துகொள்கிறார். அறுந்த நாலைந்து பேர் பின்னால் ஒன்றுசேர்ந்து தங்களுக்குள் ஒரு சின்னக் கூட்டம் அமைத்து, மாற்றி மாற்றி முன்னால் போய்க் கோட்டை அடைவார்கள். எனக்குப் பந்தயத்தின் மிக நேர்மையான பகுதி அதுதான். பரிசு இல்லை, ஆகவே ஒளிந்துகொள்ளவும் காரணமில்லை. எல்லோரும் பங்கு கொடுப்பார்கள்.

அமெச்சூர் என்ற சொல்லைக் கேவலமாகப் பார்ப்பவர்களுக்கு பெரில் பர்ட்டன் என்ற பெயரைச் சொல்வேன். யார்க்‌ஷயர்காரர், காய்கறி, ருபார்ப் பண்ணையில் உடலுழைப்பு வேலை, கடைசிவரை அமெச்சூர். 1967-ல் 12 மணி நேர டைம் ட்ரையல் ஒன்றில் 277.25 மைல் ஓட்டினார். அதே போட்டியில் மைக் மெக்நமாரா ஆண்களுக்கான புதிய சாதனை படைத்தார், ஆனால் பர்ட்டனின் தூரம் அதைவிடக் கூடுதல். அவரைத் தாண்டிப் போகும்போது பர்ட்டன் கையை நீட்டி ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். பெண்களுக்கான அந்தச் சாதனை 2017 வரை, ஐம்பது வருஷம் நின்றது.

முதல் முறை ஓட்டப்போகிறவர்களுக்கு

கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். பந்தயத்துக்கு முன் குறைந்தது பத்து முறையாவது குழுவோடு ஓட்டிப் பழகுங்கள். பலத்தைவிட, முன்னவரின் சக்கரத்தை மட்டும் வெறிக்காமல் அவருடைய தோளுக்கு மேலே பார்த்து ஓட்டும் பழக்கம் முக்கியம். டைம் ட்ரையலுக்கான நீட்டுக் கைப்பிடியைக் கூட்டுப் பந்தயத்தில் அனுமதிக்க மாட்டார்கள், கழற்றிவிட்டுப் போங்கள். எண் அட்டையை நாலு மூலையிலும் ஊக்கு குத்தி இறுக்குங்கள், படபடத்தால் அதுவும் காற்றுக்குக் கூலி. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை உலராது, ஆகவே ஒரு மணி நேரப் பந்தயத்துக்கும் உப்பு கலந்த தண்ணீர் வேண்டும். முதல் பத்து நிமிடம்தான் மிகக் கடினம், அதைத் தாண்டினால் வேகம் சற்று அடங்கும். கூட்டத்தின் முன் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கப் பாருங்கள், ஆனால் முதல் ஆளாக இருக்காதீர்கள்.

அறுந்துபோனால் நிறுத்திவிடாதீர்கள். திரும்பிப் பாருங்கள், பின்னால் இன்னொருவர் தனியாக வந்துகொண்டிருப்பார். அரை நிமிடம் மெதுவாகப் போய் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் என்றால் தலைக்கு 45 வாட் மிச்சம்.